எந்த அறை யாருடையது

மார்ச் 9, 1952, ஞாயிறு

பெரியப்பா இன்று எங்கள் வீட்டை அளந்தார். கயிறும் இல்லை, கோலும் இல்லை. கால்களால் அளந்தார். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட, வாசலிலிருந்து அடுப்படி வரை நடந்தார். நான் சரித்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா காப்பி கலந்து கொண்டுவந்து நின்றாள். அவர் அளந்து முடிக்கும்வரை நின்றாள்.

"முன்னால ரூம்பு சாமிக்கண்ணுக்குப் போதும்லா," என்றார் பெரியப்பா, கேட்காத ஒருவருக்குப் பதில் சொல்வதுபோல. பிறகு ஆறிய காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊரடங்குக்கு முன் ஜாசின் கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று லாரியை வேகமாக ஓட்டினார். ரப்பர் ஷீட்டு பாரத்தோடு லாரி பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அக்காவும் நானும்தான். அதனால் பெரியப்பா மகன் சாமிக்கண்ணு அண்ணன் கொள்ளி வைத்தார். கருமாதியன்று அவருக்கே உருமாவும் கட்டினார்கள். இறந்தவர் இடத்தில் இனி இவன் என்று ஊர் பார்க்கத் தலையில் கட்டும் வெள்ளைத் துணி. பெட்டியிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் கொடுத்தது அம்மா.

பெரியப்பா போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், ஏன் அளக்கிறார் என்று.

"உருமா கட்டினவனுக்குத்தானே வீடு. வேற யாருக்குப் போவும்?" என்றாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

வேறு யாருக்கு? நான் என்ன, அக்கா என்ன, புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் வந்து இறங்கிய விருந்தாளிகளா?

மார்ச் 11

அல்ஜீப்ராவில் மார்க் மிகவும் குறைவு. டீச்சர் திட்டவே இல்லை. அதுதான் மோசம்.

மார்ச் 14

செய்துவிட்டேன். பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல், ஆற்றோரத்தில் வக்கீல் ஆபீஸ் படியேறினேன். வக்கீல் இல்லை. அவருடைய கிராணி, அதாவது குமாஸ்தா, சபாரத்தினம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். டைப் அடித்துக்கொண்டே பேசினார்.

"ஆர் பிள்ளை நீர்? ஸ்கூல் உடுப்போட இஞ்ச என்ன வேலை?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்த ஆங்கில வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. தமிழிலேயே கேட்டேன். உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால் அவர் வீடு யாருக்கு?

"பெண்சாதி இருக்கோ?"

"இருக்கிறார். எங்கள் அம்மா."

"பிள்ளையள்?"

"இரண்டு பெண்கள்."

"அப்ப மூண்டில ஒரு பங்கு கொம்மாவுக்கு. மிச்சம் பிள்ளையளுக்குச் சமமாய். உங்கட கணக்கில ஆளுக்கு மூண்டில ஒண்டு. சரி, போம்."

நான் போகவில்லை. "அண்ணன் மகனுக்கு? அவர்தான் கொள்ளி வைத்தார். உருமாவும் கட்டியிருக்கிறது," என்றேன்.

அப்போதுதான் டைப் அடிப்பதை நிறுத்தினார். சிரித்தார். "தலைப்பாய்க்குக் கோர்ட்டில இடமில்லைப் பிள்ளை. அதைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வரச் சொல்லுவினம்."

பெண்களுக்கும் சமமாகவா என்று மறுபடி கேட்டேன். மலாக்காவில் இங்கிலீஷ்காரன் சட்டம், பிள்ளை என்றால் பிள்ளைதான் என்றார். பிறகு, தங்கள் ஊர்ச் சீதனச் சட்டம் இதைவிட எவ்வளவு உயர்ந்தது என்று ஆரம்பித்தார். அது முடிவதாக இல்லை. முடிந்தபோது, நான் மைனர், அம்மா வந்து மனுப் போட வேண்டும், அக்காவின் சம்மதமும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். மூன்றில் ஒரு பங்கு! நான் பல்துலக்கும் சிமெண்டுத் தொட்டியில், ஜன்னல் கொக்கியில், கதவில். எல்லாவற்றிலும் எனக்கு மூன்றில் ஒரு பங்கு.

மார்ச் 15

அம்மாவிடம் சொன்னேன். இப்படிச் சொல்வாள் என்று நினைக்கவே இல்லை.

"அப்ப அந்தச் சட்டத்தையே கூட்டிட்டு வந்து ஒங்கப்பாவுக்குத் திவசம் குடுக்கச் சொல்லு."

நான் விளக்கினேன். குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள்.

"ஊரு முன்னால துணிய எடுத்துக் குடுத்தது இந்தக் கைடி! நாளைக்கு அந்தப் பையன் எள்ளும் தண்ணியும் விட மாட்டேன்னுட்டா ஒங்கப்பா எங்க போயி நிப்பாரு? நீ விடுவியா? பொட்டப்புள்ள விட்டாப் போயிச் சேருமா?"

சபாரத்தினத்திடம் இதைக் கேட்டிருக்க முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

நியாலாஸ் போய்வந்தேன், மீனம்மா அக்காவைப் பார்க்க. என் உடம்பெல்லாம் பால் வாடை. அம்மா குழந்தைக்கு ஒரு டின் பால் கொடுத்தனுப்பினாள். கடைக்காரர் டின்னை ஓட்டை போட்டுத்தான் தந்தார். அதுதான் உத்தரவாம். ஓட்டை போட்ட பால் கெட்டுவிடும், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகாது. வழி முழுக்க என் பாவாடையில் சொட்டியது. ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஐ.சி. அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஒரு மாத்தா-மாத்தா, போலீஸ்காரர், டின்னையும் என்னையும் பார்த்துச் சிரித்தார்.

அக்கா இருக்கும் தோட்டத்து லய வீடுகளை முள்கம்பிக்குள் நகர்த்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். கேட்டில் ஒரு மலாய்க்காரம்மா என் பின்னலைக்கூட அவிழ்த்துப் பார்த்தார். காலையில் கேட் திறந்தால்தான் ரப்பர் பால் மரத்துக்குப் போக முடியும். கையில் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. மத்தியானம் வரை பட்டினி. அக்காவின் கழுத்தெலும்பு தெரிகிறது.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். "பொம்பளைக்கா? பங்கா? இன்னொரு தடவ சொல்லுடி." சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இடுப்பில் இருந்த குழந்தையைக் குலுக்கி, "கேட்டியாடா, ஒங்கம்மா பெரிய எஸ்டேட்டுக்காரி!" என்றாள்.

மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் தங்கராஜு மாமா தலை நிமிராமல் கேட்டார், "ஒங்கக்காவுக்கு எவ்ளோ வரும்?"

"மூன்றில் ஒன்று," என்றேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வதுபோல.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வந்தாள். பெரியப்பாவும் வந்தார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை.

முதலில் எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அக்கா, "எங்கப்பா வீட்ட அளந்தீங்களாமே பெரியப்பா. சட்ட தைக்கவா?" என்றாள்.

"வாய் நீளுது ஒனக்கு. நான் என்ன ஒங்கம்மாவையும் தங்கச்சியையும் தெருவுலயா விடப்போறேன்? அடுப்படி பக்கத்துல ரூம்பு இருக்கு. ஆயுசு பூரா இருந்துக்கட்டும்."

"எங்கப்பா வீட்டுல எங்கம்மா வாடகைக்குக் குடியா?"

"வாடகை யாரு கேட்டா? சும்மா இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

அம்மா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் 'சும்மா'வில் நிமிர்ந்தாள். இந்த மேட்டில் லாலாங் புல்லை வெட்டி, வேரைத் தோண்டி எரித்தது அம்மாதான். அப்போது நான் அவள் வயிற்றில் இருந்தேனாம். அப்பா சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா போகும்போது, "ரங்கசாமி இருந்தா இப்படி ஒரு பேச்சு வருமா?" என்றார். குரல் உடைந்திருந்தது. நடிப்பு என்று எழுத நினைத்தேன். நடிப்பு இல்லை. தம்பி செத்துப்போனவர் அவர்.

ஏப்ரல் 7

விடிந்ததும் அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, ஐ.சி.யைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கேட்டாள்: "வக்கீலு ஆபீசுக்கு எந்த பஸ்ஸு?"

மே 4

சாமிக்கண்ணு அண்ணன் சைக்கிளில் வந்தார். சைக்கிள் கடையில்தான் வேலை. துவைத்து மடித்த உருமாத் துணி கையில். வாசலிலேயே நின்று, "சித்தி, இத நீங்களே வச்சிக்கங்க," என்றார்.

அம்மா துணியைத் தொடவில்லை. "கட்டினத அவுக்கக் கூடாதுடா. ஒன் சித்தப்பாவுக்குத் தண்ணி விட வேண்டியது நீதான். அது வேற. வீடு வேற."

யார் சொல்லிக்கொடுத்தது இதை? நான் இல்லை. இத்தனை நாள் நான் சட்டத்தை வைத்துப் பேசினேனே, இப்படி இரண்டாகப் பிரித்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு கேட்டுப் போனா மொதல்ல வீடு இருக்கான்னுதான் கேக்குறாங்க, வேணி. நாங்க கடைக்குப் பின்னால சீனன் ஸ்டோர்ல படுத்திருக்கோம். அப்பா வேற என்னா செய்வாரு?"

இதை ஏன் என்னிடம் சொன்னார்? இப்போது பெரியப்பாவை முழுதாக வெறுக்க முடியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 17

கோர்ட். பெரியப்பா ஆட்சேபம் எழுதித் தருவார் என்று பயந்தோம். தரவில்லை. ஆனால் வந்தார். வெளி பெஞ்சில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம், "ஆண் வாரிசு உண்டா?" என்று கேட்டார்.

"ரெண்டு புள்ளைங்க. மீனம்மா, கிருஷ்ணவேணி."

"ஆண்பிள்ளை உண்டா என்று கேட்கிறார்கள்."

"ரெண்டு புள்ளைங்க. மீனம்மா, கிருஷ்ணவேணி."

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பெரியப்பா எழுந்து, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். "நல்லா இருங்க." வாழ்த்தாக இல்லை. அப்படியே வெயிலில் நடந்து போனார். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை.

ஜூலை 22

உத்தரவு வந்துவிட்டது! அம்மா, அக்கா, நான். மூன்று பெயர்கள். சபாரத்தினம் என்னிடம், "நீர் ஒரு நாளைக்கு லோயரா வருவீர் போல," என்றார். உடனே, "சோதினையில பாசானால்," என்று சேர்த்துக்கொண்டார். அம்மா கேசரி கிண்டினாள். எனக்கு ஏனோ வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தோன்றியது. நடந்தேன்.

ஆகஸ்ட் 19

அக்கா குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தைக்குப் போன வாரம் ராத்திரி ஜுரம் கண்டு இழுப்பு வந்ததாம். கேட் மூடிவிட்டார்கள். தங்கராஜு மாமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பி ஓரம் நின்று கத்தியிருக்கிறார். வெள்ளைக்காரத் தூவான் உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்றானாம் காவல்காரன். விடியும்வரை அக்கா ஈரத் துணி போட்டுக்கொண்டே இருந்தாளாம். பிழைத்துக்கொண்டது. இப்போது என் மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்குகிறது.

ஆகஸ்ட் 20

எப்படி எழுதுவது? அக்கா தன் பங்கை விற்கப் போகிறாள். ஜாசின் டவுனில் யாரோ சாப்பாட்டுக் கடை ஒன்றைக் கைமாற்றுகிறார்களாம். மேலே இருக்க இடமும் உண்டு. தோட்டத்தை விட்டு வந்துவிடலாம். அதற்குப் பணம் வேண்டும். முழு வீடு இல்லாமல் ஒரு பங்கை மட்டும் யார் வாங்குவார்கள்? ஒரே ஒருவர்தான்.

"பெரியப்பா கிட்டயா? அப்பா வீட்ட அவருகிட்டயா விக்கிற?" என்று கத்திவிட்டேன்.

"வேற யாரு வாங்குவா, நீ வாங்குவியா?"

"இங்க வந்து இருங்கக்கா. எல்லாரும் இருக்கலாம். இடம் இருக்குல்ல."

"வீட்டோட மாப்பிள்ளையா வர அவரு செத்தாலும் ஒத்துக்க மாட்டாரு. கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டு நாள் சோறே திங்கல." பிறகு அடங்கிய குரலில் சொன்னாள்: "நீ கம்பிக்கு வெளிய ஒக்காந்து புஸ்தகம் படிக்கிற வேணி. எனக்கும் பங்கு இருக்குன்னு பாவாடையில பால் ஒழுக வந்து சொன்னது நீதான்."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22

சபாரத்தினத்திடம் போனேன். தடுக்க முடியாதா?

"அவவின்ர பங்கு பிள்ளை. விக்கலாம், குடுக்கலாம், ஆத்தில வீசலாம். வேணுமெண்டால் நீங்கள் வாங்குங்கோவன்."

எதை வைத்து வாங்குவது?

படியிறங்கும்போது தோன்றியது: அக்காவின் பங்கு என்று நான் சொன்னபோதெல்லாம், அக்காவின் கையெழுத்தை மட்டும்தான் நினைத்திருக்கிறேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போவாள் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. பிள்ளை என்றால் பிள்ளைதான். அந்தச் சட்டம் பிடித்திருந்தது, எனக்குச் சாதகமாக இருந்தவரை.

செப்டம்பர் 27

அண்ணன் கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்த பணத்தைப் பெரியப்பா கொடுத்தார், அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள். அக்கா அழுதாள். பெரியப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் ஆபீஸில் எல்லாருக்கும் ஆரஞ்சுத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. தாகமாக இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜாசின் போனேன், கோபத்தை விடாமல். கடைக்கு முன் ஐந்தடி நடைபாதையில் குழந்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். கேட் இல்லை, காவல்காரன் இல்லை. அக்கா தோசைக் கல்லிலிருந்து திரும்பி, "புடிடி அவன, ரோட்டுக்குப் போயிறப் போறான்!" என்றாள். பிடித்தேன். திமிறினான். கோபத்தை எங்கோ வைத்துவிட்டேன், திரும்பும்போது தேடிப் பார்த்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பெரியப்பாவும் சாமிக்கண்ணு அண்ணனும் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள். பின்னாலேயே மாட்டு வண்டியில் பலகைகள், ஒரு தச்சர். முன்னறையை அடைத்துத் தனியாகத் தடுப்புப் போடப் போகிறாராம்.

நான் தச்சருக்கு முன்னால் போய் நின்றேன். "அடைக்க முடியாது பெரியப்பா. பாகம் பிரிக்கவில்லை."

"காசு குடுத்து வாங்கியிருக்கேன் புள்ள. மூணுல ஒண்ணு எனக்கு. இந்த ரூம்பு எனக்கு."

"இந்த ரூம்புல மூன்றில் ஒன்றுதான் உங்களுக்கு. அடுப்படியில் மூன்றில் ஒன்று. கிணற்றில் மூன்றில் ஒன்று. எந்த ரூம்பும் முழுசாக யாருக்கும் இல்லை."

"ஒனக்கு?"

"எனக்கும் இல்லை. அம்மாவுக்கும் இல்லை."

அவர் தச்சரைப் பார்த்தார். தச்சர் வானத்தைப் பார்த்தார். பெரியப்பா பலகைகள் மேல் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு உருமாவே தேவலாம்லா. ஒரு ரூம்பாவது முழுசாக் கெடச்சிருக்கும்," என்றார்.

சாமிக்கண்ணு அண்ணன்தான் முதலில் சிரித்தார். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பலகைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன.

நவம்பர் 3

யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவர்கள் வாசல் பக்கம் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கிறார்கள். குழம்பு தீய்ந்த வாடை வருகிறது. அம்மா மூக்கைச் சுளிக்கிறாள், போய் எதுவும் சொல்வதில்லை. நான் எங்கே உட்கார்ந்து படித்தாலும் யாரோ ஒருவருடைய மூன்றில் ஒரு பங்கில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. பரீட்சை நெருங்குகிறது. ஒன்றும் ஏறவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று மாலையிலிருந்து மழை. கூரை ஒழுகியது. முதலில் அம்மா படுக்கும் இடத்தில். பிறகு நடுவில். பிறகு பெரியப்பாவின் பெட்டி மேல். வாளி, சட்டி, குண்டான் எல்லாம் வைத்தும் போதவில்லை.

விடிந்து மழை கொஞ்சம் விட்டதும் பெரியப்பா ஏணி எங்கே என்று கேட்டார். என்னிடம் இல்லை, அம்மாவிடம். எத்தனை வாரத்துக்குப் பிறகு! அம்மா கையால் கொல்லைப்புறத்தைக் காட்டினாள். அண்ணன் எடுத்துவந்தார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். ஈர ஜிங்குத் தகரத்தில் வழுக்கிவிடுவாரோ என்று நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலே ஆணி அடிக்கும் சத்தம் நகர்ந்துகொண்டே போயிற்று. அவர் பெட்டிக்கு மேலே, நடுவில், பிறகு அம்மா படுக்கும் இடத்துக்கு மேலே. அங்கேதான் வெகுநேரம் அடித்தார்.

"தாரு இருக்கா பாரு புள்ள!" என்று கத்தினார். அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அரிசி களைந்த கை ஈரமாக இருந்தது.

"வேணி, அவங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் போடவா?"

ஏணி ஆடிக்கொண்டிருந்தது. கையை எடுக்க முடியவில்லை.

"போடும்மா," என்றேன்.